ஒரே முறிவு, இரண்டு பில்

என் மேசையில் இரண்டு ஆஸ்பத்திரி பில்கள் கிடக்கின்றன. இரண்டும் மதுரையில் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே எலும்பு டாக்டர். இரண்டு பேருக்கும் உடைந்தது கணுக்கால், அதுவும் உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டிலும் புடைத்துக்கொண்டிருக்கும் எலும்புகள். இரண்டு பேருக்கும் ப்ளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். ஒரு பில் 1,18,000 ரூபாய் சொச்சம். இன்னொன்று 2,64,000 சொச்சம்.

முதல் பில் என்னோடு வேலை பார்க்கும் தம்பியுடையது. வயது 28, ஷட்டில் ஆடப்போய் விழுந்தான். அடுத்தது என் சித்தப்பாவுடையது. வயது 63, வாசப்படியில் கால் மடங்கி விழுந்தவர். ஆபீஸிலும் சரி, சொந்தத்திலும் சரி, ஆஸ்பத்திரி பில் வந்தால் "நீ ஒருதரம் பாத்துரு" என்று என்னிடம் தள்ளிவிடுவது வழக்கமாகிவிட்டது. டாக்டருக்குப் படித்தவனில்லை நான், கணக்குப் பார்க்கிறவன். அதனால் இந்தப் பதிவில் இருப்பது வைத்திய ஆலோசனை கிடையாது.

சித்தப்பாவின் பில்லைப் பார்த்ததும் சித்தி கேட்டது ஒரே கேள்விதான்: "ஆபரேஷன் கணுக்காலுக்குத்தானேப்பா? சுகருக்கு எதுக்கு இம்புட்டுக் காசு?"

நியாயமான கேள்வி. இரண்டு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான். சுகர், பிரஷர், இருதயக் கோளாறு எதுவாக இருந்தாலும், ஆபரேஷனின் விலை அதனால் பெரிதாக ஏறுவதில்லை. ஏறுவது நாட்கள். ஆபரேஷனுக்கு முன்னால் காத்திருக்கும் நாட்கள், பின்னால் ஆறுவதற்கான நாட்கள். ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது.

கணக்கைச் சொல்கிறேன். சர்ஜன் கட்டணம் இரண்டு பில்லிலும் ஒன்றே. மயக்க மருந்து டாக்டர் கட்டணமும் அப்படியே. தியேட்டர் வாடகை சித்தப்பாவுக்கு அரை மணி நேரம் கூட. ப்ளேட், ஸ்க்ரூவில் கொஞ்சம் வித்தியாசம். தம்பிக்கு வைத்தது சாதாரண ப்ளேட். சித்தப்பாவுக்கு லாக்கிங் ப்ளேட், அதோடு காலின் இரண்டு எலும்பையும் குறுக்கே கோக்கிற மாதிரி கூடுதலாக நீள ஸ்க்ரூக்கள். சுகரால் நரம்பு மரத்துப்போன காலுக்கு இப்படி அதிகப்படியாகவே இறுக்கி வைப்பார்களாம். வலி தெரியாமல் ஊன்றி நடந்துவிட்டால் சாதாரண ஃபிக்ஸிங் தாங்காது என்று டாக்டர் சொன்னார். இது எல்லாம் சேர்த்தும் வித்தியாசம் 16,000 ரூபாய்க்குள்தான்.

மிச்சம் 1,30,000 எங்கே போனது? ரூம், நர்ஸிங் வகையில் சுமார் 45,000. ஆபரேஷன் முடிந்த ராத்திரி கண்காணிப்புக்காக ஐ.சி.யூ.வில் வைத்தது 15,000. பொது மருத்துவர், இருதய டாக்டர் வந்து பார்த்தது, எக்கோ, ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் 28,000. மருந்து, ஊசி, புண்ணுக்குக் கட்டு மாற்றியது 42,000. இதில் கணுக்கால் என்று ஒரு வார்த்தைகூட வராது.

காத்திருந்த நாட்களிலிருந்து ஆரம்பிக்கிறேன், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தம்பி விழுந்த உடனே அலறிக்கொண்டு வந்துவிட்டான். எக்ஸ்ரே எடுத்து, அரை மாவுக்கட்டுப் போட்டு, "வீக்கம் வடியட்டும், காலைத் தலையணை மேல வச்சுப் படுங்க" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கணுக்காலில் சதைப்பிடிப்பு கிடையாது, எலும்புக்கு மேலே நேராகத் தோல்தான். வீங்கிப் பளபளவென்று இருக்கும்போது கிழித்தால் தையல் போட முடியாது, போட்டாலும் பிரிந்துகொள்ளும். தோலைக் கிள்ளினால் சுருக்கம் விழுகிற அளவுக்கு வீக்கம் வடிந்தபிறகே கத்தி வைப்பார்கள். தம்பி அந்த நாட்களை வீட்டில் மொபைல் பார்த்துக்கொண்டு கழித்தான். செலவு இல்லை.

சித்தப்பா கதை வேறு. விழுந்தார், எழுந்தார், துணியைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். மளிகைக்கடை வைத்திருக்கிறார். இரண்டு நாள் அந்தக் காலோடு நின்று வியாபாரம் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் செருப்புக்குள் கால் நுழையவில்லை என்பதால்தான் சித்திக்கே விஷயம் தெரிந்தது. "வலிக்கலையா சித்தப்பா?" என்றேன். "சுளுக்குன்னு நெனச்சேன்டா. லேசா கடுத்துச்சு" என்றார். உடைந்து விலகியிருந்த எலும்பின் மேல் இரண்டு நாள் நடந்தவர் சொல்லும் பதில் இது. நாங்கள் கூட்டிக்கொண்டு போனபோது கணுக்காலைச் சுற்றிக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. அந்தத் தோலில் கத்தி வைக்க முடியாது.

இந்த வலி தெரியாத கால் என்பது தமிழ்நாட்டோடு நெருங்கிய சம்பந்தம் உள்ள விஷயம். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் என்ற சர்ஜன், 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு ஆபரேஷன் செய்யத் தொடங்கினார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். உணர்ச்சி செத்துப்போனதால் படுகிற அடியும் சூடும் தெரியாமல், திரும்பத் திரும்பக் காயம்பட்டே விரல்கள் போகின்றன என்பதை அவர் எடுத்துக்காட்டினார். பிற்பாடு அமெரிக்காவுக்குப் போய், அதே பாடத்தைச் சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் பொருத்தினார். இன்று நம்மூர் சுகர் ஆஸ்பத்திரிகளில் பாதத்தில் நைலான் இழையை வைத்து அழுத்தி "தெரியுதா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கவலைக்குப் பின்னால் வேலூர் வார்டுகள் இருக்கின்றன. சித்தப்பாவுக்கு அந்த இழைச் சோதனை இதற்கு முன்னால் ஒருதரம்கூட நடந்ததில்லை. பதினோரு வருடமாக மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

அட்மிஷன் அன்றைக்குச் சுகர் 360. மூன்று மாத சராசரி பார்க்கிற ஹெச்.பி.ஏ.1.சி. 9.8. இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். தேய்மானத்துக்காகக் கணுக்கால் மூட்டை இணைக்கிற ஆபரேஷன் போல, தள்ளிப்போடக்கூடியதாக இருந்தால் 9.8-ஐப் பார்த்ததுமே திருப்பி அனுப்பியிருப்பார்கள். எட்டு, எட்டரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு வாருங்கள் என்பது பல டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மூன்று மாதம் ஆகும், ஆனால் அந்த மூன்று மாதமும் வீட்டுச் சாப்பாட்டில் கழியும். உடைந்த எலும்புக்கு அந்த வசதி இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்குமேல் விட்டால் கோணலாகவே சேர ஆரம்பித்துவிடும். அதனால் அன்றாடச் சுகரையாவது இன்சுலின் போட்டு 200-க்குக் கீழே இழுத்துப் பிடித்து வைத்துக்கொண்டு செய்வார்கள். அந்த இழுத்துப் பிடிக்கிற வேலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒரு முறை விரல் குத்தல், இன்சுலின், உப்புகள் பார்க்க ரத்தம், கீட்டோன் பார்க்கச் சிறுநீர்.

கீட்டோன் எதற்கு என்று கேட்டேன். சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளில் ஒன்று டாபாக்ளிஃப்ளோசின். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றுகிற வகை. நல்ல மருந்துதான், இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை என்று இப்போது பரவலாக எழுதுகிறார்கள். ஆனால் ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பட்டினி கிடக்கும் நேரத்தில் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும் அபாயம் உண்டு, சுகர் அளவு சாதாரணமாகக் காட்டும்போதுகூட. இந்த மூன்று நாளும் காத்திருப்பில் சேர்ந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு மாத்திரைப் பெயர் தெரியாமல், "அந்த மஞ்சள் மாத்திரை" என்று சொல்லிக்கொண்டிருந்தால் இதைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும். சித்தி நல்லவேளையாக மாத்திரை அட்டைகளை ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அடுத்தது இருதயம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பது என்றால் க்ளோபிடோக்ரெலை ஐந்திலிருந்து ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும், தண்டுவடத்தில் ரத்தம் கட்டிவிடக்கூடாது என்பதற்காக. நிறுத்தலாமா கூடாதா என்று எலும்பு டாக்டர் சொல்ல மாட்டார், இருதய டாக்டர் சொல்ல வேண்டும். அவர் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இதற்குத்தான் "ஃபிட்னஸ் வாங்குவது" என்று பெயர். ஸ்டென்ட் பழையது என்பதால் க்ளோபிடோக்ரெலை மட்டும் நிறுத்தி, ஆஸ்பிரினைத் தொடரச் சொன்னார். ஸ்டென்ட் வைத்துச் சில மாதமே ஆகியிருந்தால் நிறுத்தியிருக்கவே முடியாது. அப்போது முழங்காலுக்குப் பின்னால் நரம்பைப் பார்த்து மரக்கவைக்கிற வழி இருக்கிறது, அல்ட்ராசவுண்ட் வைத்துச் செய்வார்கள். அதைச் செய்யத் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடைப்பதில்லை.

ஆக கொப்புளம் வாடுவதற்கு, சுகர் இறங்குவதற்கு, டாபாக்ளிஃப்ளோசினும் க்ளோபிடோக்ரெலும் உடம்பைவிட்டுப் போவதற்கு என மூன்று காத்திருப்பு. ஒன்றின் மேல் ஒன்றாக ஓடியதால் வாரத்துக்குச் சற்று மேலே முடிந்தது. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விடாமல் ஒரே நேரத்தில் ஓடவைத்தது அந்த டாக்டரின் கெட்டிக்காரத்தனம். முதல் நாளே சம்பந்தப்பட்ட எல்லா டாக்டருக்கும் தகவல் போய்விட்டது. சில இடங்களில் வீக்கம் வடிந்தபிறகு ஃபிட்னஸுக்கு எழுதுவார்கள், ஃபிட்னஸ் வந்தபிறகு மாத்திரையை நிறுத்துவார்கள். பில்லில் தெரியாத திறமை என்றால் இதுதான், நாட்களைச் சுருக்குவது.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸில் வந்தபோது, எத்தனை நாளில் காலை ஊன்றலாம் என்று கேட்டோம். "சுகர் இருந்தா எல்லாத்தையும் ரெண்டால பெருக்கிக்கோங்க" என்றார். அவருடைய சொந்தக் கணக்கு இல்லை அது, கணுக்கால் டாக்டர்கள் நெடுநாளாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். தம்பிக்கு ஆறு வாரம், சித்தப்பாவுக்கு மூன்று மாதம். தம்பியின் தையலை இரண்டு வாரத்தில் பிரித்தார்கள். சித்தப்பாவின் தையல் ஓரம் ஒரு விரக்கடை அளவுக்கு வாய் பிளந்து நீர் கசிந்தது. கல்ச்சருக்கு அனுப்பி, ரிப்போர்ட்டைப் பார்த்து மருந்தை மாற்றி, நாள்விட்டு நாள் கட்டு மாற்றினார்கள். நல்லவேளை ப்ளேட் வரைக்கும் போகவில்லை. போயிருந்தால் திரும்பத் திறந்து கழுவுவது, வேக்யூம் கட்டு, வாரக்கணக்கில் ஊசி என்று இரண்டாவது பில் ஒன்று முதல் பில்லைவிடப் பெரிதாக வந்திருக்கும்.

கடை பூட்டிக் கிடந்த மாதங்கள் எந்தப் பில்லிலும் இல்லை. சித்தியும் கொஞ்ச நாள் திறந்து பார்த்தார். கடனுக்கு வாங்குகிறவர்கள்தான் நிறைய வந்தார்கள்.

மற்ற நோய்களைப் பற்றி ரெண்டு வரி. புகை பிடிப்பவர்களுக்கு எலும்பு சேர்வதும் புண் ஆறுவதும் தாமதம். தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் நான்கு முதல் ஆறு வாரம் நிறுத்திவிட்டு வரச் சொல்வார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வழக்கமான வலி மாத்திரைகள் கூடாது, மருந்துகளின் அளவை மாற்றிக் கொடுக்க வேண்டும், டயாலிஸிஸ் நாளை ஒட்டி ஆபரேஷன் நாளைக் குறிக்க வேண்டும். காலுக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால் டாப்ளர் பார்த்து, தேவைப்பட்டால் அதை முதலில் சரிசெய்தபிறகே எலும்புக்கு வருவார்கள். முடக்குவாதத்துக்கு ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் எந்த ஊசி என்று சொல்லியாக வேண்டும், சில வகைகளை ஆபரேஷனுக்கு முன் நிறுத்தி இடைவெளி விடுவார்கள். எலும்பு மெலிந்த பெண்களுக்கு லாக்கிங் ப்ளேட், அது சாதாரண ப்ளேட்டைவிட விலை கூட. இருதய ஸ்டென்டுக்கும் முழங்கால் மூட்டுக்கும் மத்திய அரசு 2017-இல் உச்ச விலை வைத்ததே, அப்படி ஒன்று இந்தக் கணுக்கால் ப்ளேட்டுகளுக்கு இல்லை. அட்டையில் அச்சடித்த விலைதான். ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸுக்கும் அது வேண்டும்.

இன்ஷூரன்ஸ் என்றதும் அந்த முதல் நாள் ராத்திரியைச் சொல்ல வேண்டும். எமர்ஜென்சியில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். கேஸ் ஷீட்டிலிருந்து நிமிராமல் எழுதிக்கொண்டே கேட்டார்.

"சுகர் எத்தனை வருஷமாம்மா இருக்கு?"

"அது இருக்கும்மா... ஒரு பதினஞ்சு வருஷம்" என்றார் சித்தி.

"பதினோரு வருஷம்தான் சித்தி" என்றேன். "ஏதோ ஒண்ணு" என்றார் சித்தி. கேஸ் ஷீட்டில் அதற்குள் 15 விழுந்துவிட்டது. திருத்தச் சொன்னேன், டாக்டரும் முகம் சுளிக்காமல் அடித்து எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பாலிசி எடுத்தது ஏழு வருடத்துக்கு முன். விண்ணப்பத்தில் "நான்கு வருடமாகச் சுகர்" என்று எழுதியிருந்தோம். கேஸ் ஷீட்டில் 15 என்று இருந்திருந்தால், அன்றைக்கே எட்டு வருடம் இருந்திருக்கிறதே, ஏன் மறைத்தீர்கள் என்று கேள்வி வரும். க்ளெய்ம் மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குச் சித்தி குத்துமதிப்பாகச் சொன்னது தெரியாது, அவர் கண்ணுக்குக் காகிதம்தான் தெரியும்.

விதிகள் இப்போது பாலிசிதாரர் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. 2024 ஏப்ரலிலிருந்து, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம், முன்பு 48. அதேபோல், இடைவிடாமல் 60 மாதம் பாலிசி நடந்துவிட்டால், நோயை மறைத்துவிட்டாய் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. முன்பு அது எட்டு வருடம். அதனால் சித்தப்பா எப்படியும் தப்பியிருப்பார் என்றாலும், கேள்வி வந்து பதில் போய் மறுபடி கேள்வி வந்து என்று டிஸ்சார்ஜ் தள்ளிப்போகும். தள்ளிப்போகும் நாளுக்கும் ரூம் வாடகை உண்டு.

இன்னொரு நுட்பம். பாலிசி எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது, சுகர் காத்திருப்புக் காலத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தால் க்ளெய்ம் கிடைக்கும், ஏனென்றால் காரணம் விபத்து. அதே கணுக்கால், சுகரால் நரம்பு செத்து எலும்புகள் தாமாக நொறுங்கிச் சரிகிற சார்கோ என்ற நிலையில் ஆபரேஷனுக்குப் போனால் கிடைக்காது, ஏனென்றால் அது சுகரின் விளைவு. எக்ஸ்ரேயில் இரண்டும் உடைந்த எலும்புதான். எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி தெளிவாக இருப்பது லட்சங்களுக்குச் சமம். "வீக்கத்துடன் வந்தார்" என்று மட்டும் இருந்தால் வம்பு.

சித்தப்பா க்ளெய்மில் வம்பு வேறு திசையிலிருந்து வந்தது. அவருடைய பாலிசி 3 லட்சம். ரூம் வாடகை நாளைக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 வரைதான். நாங்கள் எடுத்தது 4,500 ரூம், அன்றைக்குக் காலியாக இருந்தது அதுதான். பெரும்பாலானவர்கள் கூடுதல் 1,500-ஐ மட்டும் கையிலிருந்து கொடுத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 4,500-க்கு 3,000 என்பது மூன்றில் இரண்டு பங்கு. அதே விகிதத்தில் சர்ஜன் கட்டணம், தியேட்டர், டாக்டர் விசிட் எல்லாவற்றையும் மூன்றில் இரண்டாக வெட்டுவார்கள். மருந்து, ப்ளேட், பரிசோதனைகளை மட்டும் இந்த வெட்டு தொடக்கூடாது. சித்தப்பாவுக்கு இந்த வகையில் போனது 35,000. ரூம் வித்தியாசம் தனியே 18,000.

இங்கேதான் இரண்டு பில்லும் என்னிடம் இருந்தது உதவியது. தம்பி இருந்தது ஷேரிங் ரூம், சித்தப்பா தனி ரூம். இரண்டு பேருக்கும் சர்ஜன் கட்டணம் ஒன்றே என்று மேலே சொன்னேன் இல்லையா? ரூம் ரகத்துக்குத் தகுந்தபடி கட்டணத்தை ஏற்றாத ஆஸ்பத்திரியில் இந்த விகித வெட்டைப் போடக்கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020-லேயே சொல்லிவிட்டது. பில்லிங் பிரிவில் போய், எங்களிடம் எல்லா ரூமுக்கும் டாக்டர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் ஒன்றுதான் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கினேன். வாங்குவதற்குக் கொஞ்சம் அலைந்தேன், கேட்டதும் எழுதிக்கொடுக்க அவர்களுக்கும் தயக்கம். அதை இணைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டேன். முதல் பதில் வழக்கமான மறுப்பு. குறைதீர் அதிகாரிக்கு விதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதினேன், அதற்கும் மசியாவிட்டால் சென்னையில் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போவதாகவும் சேர்த்துக்கொண்டேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். 35,000 திரும்ப வந்தது. 18,000 வரவில்லை, அது வராது.

நோயாளி அதிக நாள் படுத்தால் இந்த ரூம் வித்தியாசமும் நாளோடு சேர்ந்து வளர்கிறது என்பதைக் கவனியுங்கள். தம்பி மாதிரி மூன்று நாலு நாளில் கிளம்புகிறவனுக்கு எந்த ரூம் என்பது பெரிய விஷயம் இல்லை. சுகரும் ஸ்டென்டும் உள்ளவர் ரூம் எடுக்கும்போது பாலிசியைப் பிரித்துப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். கோ-பே என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். மூத்த குடிமக்களுக்கான பாலிசிகள் சிலவற்றில் ஒவ்வொரு க்ளெய்மிலும் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ நம் தலையில்தான். பிறகு, கொடுக்கவே மாட்டோம் என்கிற பொருட்களின் பட்டியல். வாக்கர் அதில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்கான செருப்பும் இருக்கிறது. எம்.சி.ஆர். செருப்பு என்று நம்மூரில் சொல்வார்களே, அதுதான். மரத்துப்போன கால் அடுத்தமுறை உடையாமல் இருக்க உதவுகிற பொருளுக்குக் காசு கிடையாது, உடைந்தபிறகு ப்ளேட்டுக்கு உண்டு. இந்தப் பட்டியலை எழுதியவர்கள் ஒருநாள் சுகர் ஓ.பி.யில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அரசுத் திட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில், ஏற்கெனவே இருக்கும் நோய் என்ற பேச்சே இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், வருடத்துக்கு 5 லட்சம் வரை. எழுபது வயது ஆனவர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பு பார்க்காமல் மத்திய அரசின் ஆயுஷ்மான் அட்டை உண்டு. ஆனால் அட்டையில் ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தொகை முன்பே நிர்ணயித்தது. தம்பி மாதிரி ஒருவருக்கும் சித்தப்பா மாதிரி ஒருவருக்கும் அடிப்படையில் ஒரே பேக்கேஜ். அப்படியானால் ஒரு தனியார் ஆஸ்பத்திரி யாரைச் சேர்த்துக்கொள்ள விரும்பும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். "இந்த கேஸை மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோறது நல்லதுங்க" என்ற பணிவான பதிலுக்குப் பின்னால் பல சமயம் இந்தக் கணக்கு இருக்கும் என்பது என் எண்ணம். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் சுகர் டாக்டரும் இருதய டாக்டரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள், ஒவ்வொரு விசிட்டுக்கும் பில் விழாது. அங்கேயும் காத்திருப்பு உண்டு, தியேட்டர் கிடைக்கும்வரை. அந்த நாட்களின் செலவு கூட இருக்கிறவரின் சம்பளத்தில் கழியும்.

எஸ்டிமேட் கேட்கப் போகும்போது "கணுக்கால் ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்காதீர்கள். வரவேற்பில் சொல்வது தம்பியின் விலை. எங்களுக்கும் முதலில் 1,20,000 என்றுதான் சொன்னார்கள். மாத்திரை அட்டைகள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் காட்டி, இவருக்கு ஆபரேஷனுக்கு முன் எத்தனை நாள் படுக்க வேண்டும், அதை வீட்டில் கழிக்க முடியுமா, ஐ.சி.யூ. தேவைப்படுமா, ஃபிட்னஸ் கொடுக்கும் டாக்டர்கள் பேக்கேஜுக்குள் வருவார்களா வெளியே வருவார்களா என்று கேளுங்கள். பேக்கேஜ் என்பது இத்தனை நாளுக்கு என்று இருக்கும், அதற்குமேல் ஒரு நாளுக்கு என்ன விலை என்பது முக்கியமான கேள்வி. டாக்டரிடம் கேட்டால் பாதிக்குப் பதில் கிடைக்கும், மிச்சத்தைப் பில்லிங்கில் கேட்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். விடாதீர்கள்.

தம்பி இப்போது ஓடவே ஆரம்பித்துவிட்டான். குளிர்காலத்தில் ப்ளேட் இருக்கிற இடம் குத்துகிறது என்கிறான், அடுத்த வருடம் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒரு நாள் வேலை, மறுநாள் வீடு. சித்தப்பாவும் அதைக் கேட்டுவிட்டு, "எனக்கும் எடுத்துருவீங்களா டாக்டர்?" என்றார் போன செக்கப்பில். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத் தொந்தரவு இல்லேல்ல? அது பாட்டுக்கு உள்ள இருக்கட்டும்ங்க" என்று சொல்லிவிட்டார். மறுபடி மாத்திரையை நிறுத்த வேண்டும், மறுபடி ஃபிட்னஸ், மறுபடி இன்சுலின், ஆறவே யோசிக்கிற அந்தத் தோலை மறுபடி கிழிக்க வேண்டும். வெளியே வந்ததும் சித்தி என்னிடம், "அப்ப அந்தப் ப்ளேட்டுக்குக் கட்டுன காசு வீண் போகல" என்றார்.